பால்பல் தானேன்னு விட்டுடாதீங்க: குறுகிய மேல்தாடைக்கு உரிய வயதில் சிகிச்சை

பருப்பு டப்பாவின் மூடியைக் கவனித்திருப்பீர்கள். டப்பாவைவிட மூடி சற்றே அகலமாக இருந்தால்தான் சுற்றிலும் சரியாக உட்காரும். வாயும் அப்படித்தான். மேல்வரிசைப் பற்கள் கீழ்வரிசையை வெளிப்பக்கமாகக் கொஞ்சம் மூடி நிற்க வேண்டும். மேல்தாடை போதிய அகலம் வளராமல் குறுகிவிட்டால், மேல் கடைவாய்ப் பற்கள் கீழ்ப் பற்களுக்கு உட்பக்கமாகப் போய் விழும். இதைப் பல் மருத்துவர்கள் ‘கிராஸ்பைட்’ என்கிறார்கள். நாம் குறுக்குக் கடி என்று வைத்துக்கொள்ளலாம்.

“பால்பல் தானே, விழுந்து முளைச்சா சரியாயிடும்” என்பதுதான் பெரும்பாலான வீடுகளில் கேட்கும் பதில். ஆனால், இங்கே கோளாறு பல்லில் மட்டும் இல்லை, எலும்பின் அகலத்தில் இருக்கிறது. பல் விழுந்து முளைத்தாலும் குறுகிய தாடை பெரும்பாலும் தானாக விரிவதில்லை. பற்கள் சரியாகப் பொருந்தாததால், கடிக்கும்போது குழந்தை தன்னையறியாமல் கீழ்த்தாடையை ஒரு பக்கமாக நகர்த்திக் கடிக்கப் பழகிவிடும். வளரும் வயதில் இது ஆண்டுக்கணக்கில் தொடர்ந்தால், தாடையே ஒரு பக்கம் சாய்ந்து வளர வாய்ப்பு உண்டு.

வீட்டிலேயே ஒரு சின்ன சோதனை

மொபைல் டார்ச் போதும். கையைக் கழுவிக்கொண்டு தொடங்குங்க.

1. குழந்தையை நேராக உட்காரவைத்து, எச்சிலை விழுங்கிவிட்டுப் பின்பற்களைக் கடிக்கச் சொல்லுங்கள். விரலால் கன்னத்தை மெல்ல விலக்கி இரண்டு பக்கமும் பாருங்கள். மேல்பற்கள் வெளியே நிற்கின்றனவா, உள்ளே விழுகின்றனவா?

2. வாயை மெதுவாக மூடச் சொல்லுங்கள். கடைசி நொடியில் முகவாய் ஒரு பக்கம் நகர்கிறதா? மேல் முன்பற்களின் நடுக்கோடும் கீழ் முன்பற்களின் நடுக்கோடும் விலகி நிற்கின்றனவா?

3. விரல் சூப்பும் பழக்கம் தொடர்கிறதா? வாயைத் திறந்தபடியே தூங்குகிறதா? இவை குறுகிய மேல்தாடையோடு அடிக்கடி சேர்ந்தே காணப்படுபவை.

முன்பக்கம், வலம், இடம் என மூன்று போட்டோ எடுத்து வைத்துக்கொண்டால் மருத்துவரிடம் காட்ட உதவும். எந்த அறிகுறியும் தெரியாவிட்டாலும், ஏழு வயதையொட்டி ஒருமுறை பல் சீரமைப்பு மருத்துவரிடம் காட்டுவது நல்லது. அந்த வயதில் நிரந்தரக் கடைவாய்ப் பல் முளைத்திருக்கும். கடி எப்படிப் பொருந்துகிறது என்பதும் தெளிவாகத் தெரியும்.

வயது ஏன் முக்கியம்?

மேல்தாடை ஒரே எலும்பு அல்ல. வலம், இடம் என இரண்டு எலும்புகள் அண்ணத்தின் நடுவே ஒரு கோடாகச் சேர்கின்றன. சிறுவயதில் இந்த இணைப்பு இறுகாமல் நெகிழ்வாக இருக்கும். பருவ வயது தாண்டத் தாண்ட இரு ஓரங்களும் பல்சக்கரம்போல ஒன்றோடொன்று கோத்து இறுகிவிடும். அதனால்தான் பருவ வளர்ச்சி வேகமெடுக்கும் முன்பே விரிப்பது எளிது. வளர்ச்சி முடிந்தபின் இதே வேலைக்கு எலும்பில் திருகு பதிக்கவோ, அறுவை சிகிச்சை செய்யவோ வேண்டி வரலாம். தள்ளிப்போட்டால் குழந்தை இழப்பது இந்த எளிய வழியைத்தான்.

கருவி எப்படி வேலை செய்கிறது?

இது புதிய முறை அல்ல. அமெரிக்கப் பல் மருத்துவர் எமர்சன் ஏஞ்சல் 1860-லேயே இதைப் பற்றி எழுதியிருக்கிறார். ‘எக்ஸ்பாண்டர்’ என்ற இந்தக் கருவியைக் கடைவாய்ப் பற்களில் வளையம் மாட்டி ஒட்டுவார்கள். அண்ணத்தின் நடுவே ஒரு சிறிய திருகு இருக்கும். சாவியால் ஒருமுறை திருகினால் சுமார் 0.25 மில்லிமீட்டர் விரியும். 20 முறை திருகினால் 5 மில்லிமீட்டர். வேகமான முறையில் தினம் ஒன்று அல்லது இரண்டு தடவை என இரண்டு, மூன்று வாரங்கள் திருகுவார்கள். மெதுவான முறையில் சில நாட்களுக்கு ஒருமுறைதான். உங்கள் குழந்தைக்கு எது என்பதை மருத்துவர் சொல்வார்.

வேகமான முறையில் சில நாட்களில் மேல் முன்பற்களுக்கு நடுவே இடைவெளி விழும். பயப்பட வேண்டாம். நடு இணைப்பு விரிகிறது என்பதன் அடையாளம் அது. பெரும்பாலும் சில மாதங்களில் தானே சேர்ந்துவிடும். திருகுவது முடிந்ததும் கருவியைக் கழற்றச் சொல்லி அவசரப்படுத்தாதீங்க. விரிந்த இடத்தில் புது எலும்பு நிரம்ப மூன்று முதல் ஆறு மாதம் அது வாயிலேயே இருக்க வேண்டும்.

வீட்டில் கவனிக்க வேண்டியவை

• சாவியில் நூல் கட்டி, அதை மணிக்கட்டில் சுற்றிக்கொண்டு திருகுங்கள். கை தவறினாலும் குழந்தை விழுங்காது.

• அடுத்த துளை தெரியும்வரை முழுதாகத் திருகுங்கள். எத்தனையாவது தடவை என்று மொபைல் காலண்டரில் குறித்து வையுங்கள். ஒருநாள் மறந்துபோனால் மறுநாள் சேர்த்துத் திருகாதீர்கள். மருத்துவரைக் கேளுங்கள்.

• முதல் சில நாட்கள் எச்சில் அதிகம் ஊறும், பேச்சு குழறும், மூக்குத்தண்டில் அழுத்தம் தெரியும். மெல்ல மெல்லப் பழகிவிடும்.

• இட்லி, இடியாப்பம், தயிர்சாதம் எல்லாம் சாப்பிடலாம். கமர்கட், சூயிங்கம், முறுக்கு, கரும்பு கூடவே கூடாது.

• ஒவ்வொரு சாப்பாட்டுக்குப் பிறகும் வாய் கொப்பளித்து, கருவியைச் சுற்றித் தேய்க்க வேண்டும்.

• கருவி ஆடினாலோ, கடும் வலியோ வீக்கமோ இருந்தாலோ, திருகவே முடியாவிட்டாலோ அன்றே மருத்துவரை அழையுங்கள்.

எல்லாக் குழந்தைக்கும் தேவையா?

இல்லை. பல் வரிசை நெருக்கமாக இருப்பதாலேயே தாடையை விரிக்க வேண்டியதில்லை. வாயைப் பரிசோதித்து, அச்சும் எக்ஸ்ரேயும் எடுத்துப் பார்த்துத்தான் மருத்துவர் முடிவு செய்வார். குறட்டை, மூக்கடைப்பு இருந்தால் காது மூக்கு தொண்டை மருத்துவரையும் பார்க்க வேண்டும். அதற்கு இந்தக் கருவி மட்டுமே மருந்தாகாது. ஆன்லைனில் கருவி வாங்கி நீங்களே மாட்டிப் பார்ப்பது ஆபத்து.

எங்கே போகலாம்?

• சென்னை கோட்டை ரயில் நிலையம் எதிரே உள்ள தமிழ்நாடு அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் பல் சீரமைப்புக்குத் தனித் துறை இருக்கிறது. சிதம்பரம் அண்ணாமலை நகரிலும் புதுக்கோட்டையிலும் அரசு பல் மருத்துவக் கல்லூரிகள் உள்ளன.

• மற்ற ஊர்களில் இருப்பவர்கள் முதலில் அருகிலுள்ள அரசு மருத்துவமனையின் பல் பிரிவில் காட்டி, பரிந்துரை பெற்று வரலாம்.

• அரசுப் பள்ளிக்கும் அங்கன்வாடிக்கும் வரும் நடமாடும் மருத்துவக் குழு பல் குறைகளையும் பார்க்கும். அவர்கள் வரும் நாளை வகுப்பாசிரியரிடம் கேட்டு வையுங்கள்.

• சந்தேகம் இருந்தால் 104 மருத்துவ ஆலோசனை எண்ணை அழைக்கலாம்.

இன்று ராத்திரி பல் தேய்க்கும் நேரத்தில் ஒருமுறை டார்ச் அடிச்சுப் பாருங்க. ஒரு நிமிஷம்தான் ஆகும்.