புயலெச்சரிக்கையும் பொதுமக்கள் கடமையும்

வரக்கூடிய இடரை முன்னரே உணர்த்துவது எச்சரிக்கை எனப்படும். ஆயினும் அஃது உணர்த்துவது நிகழக்கூடும் என்பதையேயன்றி, நிகழ்ந்தே தீரும் என்பதை அன்று. இவ்வேறுபாட்டை அறியாதார், ஒருமுறை பொய்த்த எச்சரிக்கையை மறுமுறை இகழ்ந்து கேடுறுவர். ஆதலின், பிரிட்டனில் புயலெச்சரிக்கை தோன்றி வளர்ந்த வரலாற்றை ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

1859ஆம் ஆண்டு அக்டோபர் இறுதியில், ஆஸ்திரேலியாவினின்று லிவர்பூலுக்கு வந்துகொண்டிருந்த 'ராயல் சார்ட்டர்' என்னும் கப்பல், பெருங்காற்றில் அகப்பட்டு, வேல்ஸைச் சார்ந்த ஆங்கில்ஸித் தீவின் கரையில் மோதி உடைந்தது. நானூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். டார்வின் பயணஞ்செய்த 'பீகிள்' கப்பலின் தலைவராயிருந்த ராபர்ட் பிட்ஸ்ராய் என்பாரே அந்நாளில் அரசாங்க வானிலைப் பகுதியை நடத்திவந்தார். தந்தி காற்றினும் விரைந்து செல்லுமாதலின், ஓரிடத்து எழுந்த புயலை, அது சென்றடையுமுன் பிறவிடத்தார்க்கு அறிவித்தல் கூடுமென அவர் கண்டார். 1861ஆம் ஆண்டு பிப்ரவரியில் இம்முறை தொடங்கிற்று. தந்தி கிடைத்தவுடன், நம் துறைமுகங்களில் ஏற்றும் புயற்கூண்டைப்போல, கூம்பு வடிவான அடையாளமொன்று கம்பத்தில் ஏற்றப்படும். கூம்பின் நுனி மேல்நோக்கின் வடதிசைக் காற்று. கீழ்நோக்கின் தென்திசைக் காற்று. எழுத்தறியாதாரும் இதனை எளிதில் உணர்வர்.

தாம் வெளியிடுவன தீர்க்கதரிசனங்கள் அல்ல என்று பிட்ஸ்ராய் வற்புறுத்தினார். எனினும், சில பொய்த்தமை கண்டு பலர் குறைகூறினர். 1865இல் அவர் இறந்தபின், போதிய ஆதாரமில்லை என்று கருதி, 1866ஆம் ஆண்டின் இறுதியில் எச்சரிக்கைகளை நிறுத்தினர். ஆனால் கடலோடு வாழ்வோர் முறையிட்டமையால், அடுத்த ஆண்டே அவை மீண்டும் தொடங்கப்பெற்றன. பிழை நேரினும் எச்சரிக்கையே வேண்டும் என்பது அவர்தம் துணிபு.

இக்காலத்தில் அந்நாட்டு வானிலை நிலையம், காற்று, பனிப்பொழிவு முதலியவற்றிற்கு மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்னும் மூன்று நிறங்களால் எச்சரிக்கை விடுகின்றது. நிறம் காற்றின் வேகத்தை மட்டும் பொறுத்ததன்று. விளையக்கூடிய கேடு எத்துணைப் பெரிது, அதற்கு வாய்ப்பு எவ்வளவு என்னும் இரண்டையும் சீர்தூக்கியே அஃது அமைகின்றது. ஆகவே, கேடு பெரிதாயினும் வாய்ப்புக் குறைவாயின் மஞ்சளே காட்டப்படலாம். மஞ்சள்தானே என்று வாளாவிருத்தல் அறிவுடைமையன்று.

2021ஆம் ஆண்டு நவம்பர் 26ஆம் நாள், 'ஆர்வென்' என்னும் புயலுக்காக, ஸ்காட்லாந்தின் கீழ்க்கரைக்கும் இங்கிலாந்தின் வடகீழ்க்கரைக்கும் சிவப்பெச்சரிக்கை விடப்பட்டது. ஆங்குப் பெரும்பான்மையும் வீசுவது தென்மேற்குக் காற்று. அதற்கேற்ப வேரூன்றிய மரங்கள், வடபுறமிருந்து மோதிய இப்புயலைத் தாங்காது மிகப்பல சாய்ந்தன. மரம் வீழ்ந்து மூவர் இறந்தனர். ஏறக்குறையப் பத்து லட்சம் வீடுகள் மின்சாரம் இழந்தன. சில குடும்பங்கள் ஒரு வாரத்திற்கு மேலும் குளிரிலும் இருளிலும் வருந்தின.

இதனால் நாம் அறிவது யாது? காற்று ஓரிரவில் ஓய்ந்துவிடும். அது விட்டுச்சென்ற குளிரோ பல நாள் வருத்தும். ஆதலின் எச்சரிக்கை கேட்டோர், மரத்தடியையும் கடலோரத்தையும் விலக்கி வீட்டினுள் தங்குதல் முதற்கடமை. விளக்கு, போர்வை, உணவு ஆகியவற்றை முன்னரே சேர்த்துவைத்தலும், தனித்து வாழும் அயலகத்து முதியோரை விசாரித்தலும் அடுத்த கடமைகளாம். புயல் வாராதொழியின், சேர்த்த பொருள் வீட்டிலேயே இருக்கும். அதனால் நமக்கு நட்டம் யாதுமில்லை.