மீன் தலைக் கறி எந்த ஊர்ச் சமையல்?

சிங்கப்பூர் ரேஸ் கோர்ஸ் ரோட்டுக் கடைகளில், ஊரிலிருந்து வந்த உறவினருக்கு மீன் தலைக் கறியைப் பரிமாறும்போது நாம் வழக்கமாகச் சொல்வது, "இது நம்ம பாட்டன் காலத்துச் சமையல்" என்று. அது பாதிதான் உண்மை.

குழம்பு ஊரிலிருந்து வந்தது. கடுகு, வெந்தயம், கறிவேப்பிலை, புளி எல்லாம் நம் அடுப்படிச் சரக்கு. மீன் வாங்கினால் தலையையும் குழம்பில் போடுவது கடலோரத் தமிழ், மலையாள வீடுகளில் உள்ள வழக்கம்தான். ஆனால் ஒரு பெரிய மீனின் தலையை மட்டும் தனிக் கறியாக்கி, அதைக் கடையின் முதன்மைப் பதார்த்தமாக மேசை நடுவே வைத்தது சிங்கப்பூரில். அதைச் செய்தவர் கேரளத்திலிருந்து இங்கு வந்து சோபியா ரோட்டில் கடை வைத்திருந்த எம்.ஜே. கோமஸ். பெரும்பாலான பதிவுகள் 1949 என்கின்றன. சீனர்களுக்கு மீன் தலை என்றால் தனிப் பிரியம். அவர்களையும் கடைக்கு வரவழைக்க எண்ணி, அவர்கள் விரும்பும் தலையை நம் குழம்பில் இறக்கினார். லிட்டில் இந்தியாவில் இன்று பேர்பெற்ற முத்தூஸ் கறி 1969இலும் பனானா லீஃப் அப்போலோ 1974இலும்தான் தொடங்கின. அவற்றின் புகழில் கோமஸின் பெயர் மங்கிப்போனது எனக்கு வருத்தமே.

உணவின் பிறப்புக் கதை இப்படிப் புரண்டுபோவது புதிதல்ல. முதல் உலகப் போரில் பெல்ஜியம் போன அமெரிக்கச் சிப்பாய்கள் வைத்த பெயர்தான் 'பிரெஞ்சு ஃபிரைஸ்' என்று இன்றும் சொல்கிறார்கள். ஆனால் 1856இலேயே ஓர் ஆங்கிலச் சமையல் புத்தகத்தில் 'பிரெஞ்சு ஃபிரைடு பொட்டேட்டோஸ்' என்று அச்சாகிவிட்டது. நம் ஊர்ப் பெயரைத் தாங்கிய 'சிங்கப்பூர் நூடுல்ஸ்', கறித்தூள் போட்டுப் பிரட்டிய பீஹூன், ஹாங்காங் சமையல்.

தலை என்றால் கழிவு, ஏழை வீட்டுச் சாப்பாடு என்பது இன்னொரு நம்பிக்கை. கடையில் ஒரு தலை 20 வெள்ளிக்கு மேல். அந்த விலைக்குக் காரணம் உண்டு. சிவப்பு மீன், அதாவது ஈக்கான் மேராவின் தலையை வெட்டும்போது பிடரிச் சதையையும் சேர்த்தே வெட்டுவார்கள். ரத்தம் தங்கும் செவுளை முழுக்கப் பிய்த்தெடுத்து, உப்பும் மஞ்சளும் தடவி வைப்பார்கள். குழம்பு நன்றாகக் கொதித்து எண்ணெய் மேலே தெளிந்த பிறகே தலை உள்ளே போகும்; முதலிலேயே போட்டால் சதை கரைந்து முள்தான் மிஞ்சும். வெண்டைக்காயும் கத்தரிக்காயும் கூடவே வேகும். வெந்ததும் கண்ணுக்குக் கீழே, கன்னத்தில், கரண்டி பட்டாலே கழன்று வரும் ஒரு துண்டுச் சதை இருக்கிறது. மீனிலேயே மென்மையானது அதுதான். வீட்டின் மூத்தவர் இலையில் வைக்க வேண்டியது.

சீனக் கடைகளில் கிடைப்பது போலி என்று சிலர் ஒதுக்குகிறார்கள். அது சரியில்லை. காரம் குறைவாக, புளிப்பு தூக்கலாக அவர்கள் செய்வதும் பல பத்தாண்டுப் பழக்கம். தலையைத் தேடி உண்ட சீன வாடிக்கையாளர்கள் இல்லாவிட்டால் கோமஸுக்கு இந்த எண்ணமே வந்திருக்காது. இந்தக் கறியில் அவர்களுக்கும் சம உரிமை உண்டு.

மீன் கண்ணைத் தின்றால் பார்வை கூர்மையாகும் என்று பிள்ளைகளுக்கு ஊட்டுகிறோம். கண்ணைச் சுற்றியுள்ள கொழுப்பில் ஒமேகா 3 உண்டு, உடம்புக்கு நல்லதுதான். ஆனால் கிட்டப்பார்வை என்பது பெரும்பாலும் கண்விழி நீண்டுபோவதால் வருவது. நீண்ட விழியை எந்த உணவும் சுருக்காது. கிட்டப்பார்வை மிகுந்த நாடுகளில் சிங்கப்பூரும் ஒன்று. கரும்பலகை மங்கலாகத் தெரிகிறது என்று பிள்ளை சொன்னால், மீன் கண்ணை நம்பி நாளைக் கடத்தாமல் கண் பரிசோதனைக்கு அழைத்துப் போங்கள்.