பிள்ளை சொல்வதைக் கேளுங்கள்

காணி துப்புரவாக்கும் நாட்களில், "அம்மா, வேலிக்கரையில ஒரு இரும்புச் சாமான் கிடக்கு" என்று பிள்ளை வந்து சொல்லலாம். அது மிதிவெடியாகவோ வெடிக்காத எறிகணையாகவோ இருக்கக்கூடும். "அங்க ஏன் போனனீ?" என்று அதட்டினால், அடுத்த முறை கண்டதைப் பிள்ளை சொல்லாது. பயத்தில் கோபம் வருவது இயல்புதான். ஆனாலும் கைவேலையை வைத்துவிட்டு, பிள்ளையின் உயரத்துக்குக் குந்தியிருந்து கேளுங்கள். வாய் ஏசாவிட்டாலும் முகம் ஏசினால் பிள்ளை பேச்சை விழுங்கிவிடும்.

எங்கே கண்டது, தொட்டதா, வீட்டுக்கு எடுத்து வந்ததா என்று ஒவ்வொன்றாக, மெதுவாகக் கேளுங்கள். "இல்லை" என்று சொல்லிக்கொண்டே தலையைக் குனிந்தால் இன்னொரு தரம் அன்பாகக் கேளுங்கள். இடத்தைக் காட்ட அங்கே கூட்டிப்போக வேண்டாம். முற்றத்தில் நின்றே கையால் காட்டட்டும். வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தால், அதைத் தொடாமல் எல்லோரும் விலகிச் சென்று, உடனே கிராம அலுவலருக்கோ பொலிசுக்கோ அறிவியுங்கள்.