ஸ்ரியரிங் பட்டன்கள் வேலை செய்யவில்லையா? காசு கொடுக்குமுன் இதை வாசியுங்கள்



பிரித்தானியாவுக்கு வந்து, லைசென்ஸ் அலுவல் சரிவந்ததும், குறைந்த விலையில் ஒரு பழைய கார் வாங்கலாம் எண்டு பலர் நினைப்பார்கள். அப்படி வாங்கிய ஒரு தம்பிக்கு நடந்ததைக் கேளுங்கள். இரண்டு கிழமையில், வளைவில் திருப்பும்போது ஹோண் அடிக்கவில்லை. பிறகு ரேடியோ பட்டன்கள் நின்றன. கடைசியில் எயார்பாக் சிவப்பு லைற் எரியத் தொடங்கியது. ஒரு கராஜில் "முழு ஸ்ரியரிங்கையும் மாத்த வேணும்" என்றார்கள். அவரிடம் அவ்வளவு காசு இல்லை. இன்னொரு கராஜில் காட்டியபோது, பழுதானது ஒரு சின்னப் பாகம் மட்டும்தான் எண்டு தெரிந்தது.

அந்தப் பாகத்தின் பெயர் 'குளொக் ஸ்பிரிங்'. ஸ்ரியரிங் சுற்றும், ஆனால் வயர் முறுக்குப்படக் கூடாது. அதற்காகத் தட்டையான ஒரு நாடா வயரைச் சுருளாகச் சுற்றி, ஸ்ரியரிங்குக்குப் பின்னால் ஒரு வட்டப் பெட்டிக்குள் வைத்திருப்பார்கள். ஹோண், பட்டன்கள், எயார்பாக் மூன்றுக்கும் பெரும்பாலும் அதற்குள்ளால்தான் மின்சாரம் போகும். நாடா தேய்ந்து அறுந்தால் மூன்றும் ஒன்றாகவோ ஒன்றன்பின் ஒன்றாகவோ பழுதாகும்.

நீங்களே செய்யக்கூடிய சோதனைகள்

காரை நிறுத்தி, ஹான்ட் பிரேக் போட்டபின் செய்யுங்கள்.

1. சாவியைத் திருப்புங்கள். எயார்பாக் லைற் எரிந்து, சில வினாடிகளில் அணைய வேண்டும். அணையாவிட்டால் எயார்பாக்கில் பழுது. எரியவே இல்லை எண்டால் இன்னும் கவனம்! பழுதை மறைக்க லைற்றைக் கழற்றியிருக்கலாம். கார் வாங்கப் போகும்போது இதைக் கட்டாயம் பாருங்கோ.

2. எஞ்சினை ஓடவிட்டு, ஸ்ரியரிங்கை மெதுவாக இடது கடைசிவரையும் வலது கடைசிவரையும் திருப்பிக்கொண்டு ஹோணையும் பட்டன்களையும் அழுத்துங்கள். ஒரு பக்கத்தில் வேலை செய்து மறுபக்கத்தில் நின்றால், குளொக் ஸ்பிரிங்கில்தான் சந்தேகம்.

3. ஒரேயொரு பட்டன் மட்டும் பழுதா? அந்தச் சுவிச்சுத்தான் தேய்ந்திருக்கும். சத்தத்தைக் கூட்ட அழுத்தினால் பாட்டு மாறுகிறதா? பல கார்களில் எல்லாப் பட்டன்களுக்கும் ஒரே வயர்தான். ஒவ்வொரு பட்டனுக்கும் வேறுவேறு மின்தடை. தேத்தண்ணி சிந்தினாலோ ஊத்தை சேர்ந்தாலோ அந்த அளவு மாறி, ரேடியோ பிழையாக விளங்கிக்கொள்ளும்.

4. பட்டன் எல்லாம் பழுது, ஆனால் ஹோண் நல்லம், எயார்பாக் லைற்றும் இல்லையா? முந்தின சொந்தக்காரர் ரேடியோவை மாற்றியிருக்கலாம். வேறு ரேடியோ போட்டால் பட்டன்களுக்கெனத் தனி இணைப்புப் பெட்டி வேண்டும். பியூசையும் பாருங்கள். எரிந்திருந்தால் அதே அம்பியர் பியூசையே போடுங்கள். வெள்ளித்தாள் சுற்றிப் போடவே வேண்டாம், வயர் தீப்பிடிக்கும்.

5. குறூஸ் கொன்ட்ரோல் மட்டும் வேலை செய்யவில்லையா? பிரேக் பெடலிலுள்ள சுவிச்சு பழுதானாலும் அப்படி நடக்கும். பின்னால் ஒருவரை நிற்கவைத்து, பிரேக் லைற் எரிகிறதா எண்டு கேளுங்கள்.

தொடக் கூடாதது

எயார்பாக்கை நீங்கள் கழற்ற வேண்டாம். அதற்குள் இருப்பது வெடித்து விரியும் பொருள். மஞ்சள் நிற இணைப்புகளில் மீற்றர் வைத்துப் பார்ப்பதும் ஆபத்து, மீற்றரின் சிறு மின்சாரமே அதை வெடிக்க வைக்கலாம். பயிற்சி பெற்றவர்கள் பற்றரியைக் கழற்றி, கார்க் கொம்பனி சொன்ன நேரம் காத்திருந்த பிறகே அதில் கை வைப்பார்கள். புதிய குளொக் ஸ்பிரிங்கை, முன்சில்லுகள் நேராக இருக்கும்போது, சரியான நடுவில் வைத்துப் பூட்ட வேண்டும். பிழையாகப் பூட்டினால் முழுதாகத் திருப்பும்போது அறுந்துவிடும்.

ஏன் தள்ளிப்போடக் கூடாது?

எயார்பாக் லைற் எரிந்தபடி இருந்தால், விபத்தில் அது விரியாமல் போகலாம். எம்.ஓ.ரி. சோதனையிலும் கார் தவறிவிடும். ஹோண் அடிக்காவிட்டாலும் அப்படித்தான். வாங்குமுன், காரின் இலக்கத்தகட்டு எண்ணைக் கொடுத்து, பழைய எம்.ஓ.ரி. முடிவுகளை அரசாங்க இணையத்தளத்தில் இலவசமாகப் பார்க்கலாம்.

கராஜில் என்ன சொல்வது?

ஆங்கிலம் வராது எண்டு கூச்சப்பட வேண்டாம். இதை வாசித்துக் காட்டுங்கள்: "த ஹோண் அன்ட் பட்டன்ஸ் ஸ்ரொப் வென் ஐ டேர்ன் த வீல். த எயார்பாக் லைற் இஸ் ஒன். பிளீஸ் ஸ்கான் இற் பெஸ்ற்." முதலில் கம்பியூட்டரில் சோதிக்கச் சொல்லுங்கள். விலையை எழுத்தில் வாங்குங்கள். கழற்றிய பழைய பாகத்தைக் காட்டும்படி கேளுங்கள்.

கடைசியாக இரண்டு சொல்

புகலிட உதவிப்பணம் பெறுகிறவர்களுக்குக் காரும் ஒரு சொத்தாகக் கணக்கிடப்படலாம். வாங்குமுன் உங்கள் ஆலோசகரிடம் கேளுங்கள். ஊரில் மெக்கானிக்காக இருந்தவர்களும் கவனம். வேலை அனுமதி கிடைக்கும்வரை கராஜில் நின்று மற்றவர்களின் காரைத் திருத்த வேண்டாம். காசு வாங்காவிட்டாலும் அது வேலையாகக் கருதப்பட்டு, உங்கள் வழக்குக்குப் பாதகமாகலாம். உங்கள் கைத்தொழில் எங்கும் போகாது. அனுமதி வந்ததும் அது உங்களுக்குக் கைகொடுக்கும்.