ஆய்வுக்கூடத்துக்குக் காது தேவையா?

கேள்வி: என் மகளுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. இரண்டு காதிலும் மிஷின் வைத்திருக்கிறாள். ஓசை தெரியும், சொல் பிரியாது. உதட்டைப் பார்த்தும் சைகையிலும் படித்தே பத்தாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் வாங்கினாள். இப்போது பிளஸ் டூ, பயாலஜி குரூப். நோய்களைப் பற்றி ஆராய்ச்சி செய்ய வேண்டும் என்று ஒரே பிடியாக இருக்கிறாள். பள்ளியிலும் சொந்தத்திலும், “பி.காம். போடுங்கள், இல்லை கம்ப்யூட்டர் போடுங்கள். லேபில் ஆசிட்டும் நெருப்பும் இருக்கும், யாராவது கத்தினால்கூட இவளுக்குத் தெரியாது” என்கிறார்கள். காது கேளாத ஒருவர் உண்மையிலேயே இந்தத் துறையில் நிலைத்திருக்கிறாரா? எப்படி?

— ஒரு தாய், திருப்பூர்

பதில்: நிலைத்திருக்கிறார்கள், சகோதரி. அவர்களில் ஒருவர் நோபல் பரிசே வாங்கியிருக்கிறார். அவர் கதையை முதலில் சொல்கிறேன். பெருமைப்பட அதில் நிறைய இருக்கிறது. கவனமாகப் படிக்க வேண்டிய ஓர் இடமும் இருக்கிறது.

ஜான் கார்ன்ஃபோர்த் 1917-ல் ஆஸ்திரேலியாவின் சிட்னியில் பிறந்தவர். பத்து வயதுவாக்கில் காது மந்தமாகத் தொடங்கி, இருபது வயதுக்குள் முழுக்கப் போய்விட்டது. பதினாறு வயதில் சிட்னி பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். வகுப்பில் பேராசிரியர்கள் பேசியது எதுவும் அவருக்கு எட்டவில்லை. நூலகமே அவருக்கு வகுப்பறையானது. பாடநூல்களோடு நிற்காமல், அவற்றுக்கு மூலமான ஆய்வுக் கட்டுரைகளையும் தேடிப் படித்தார். அச்சில் வந்ததெல்லாம் சரியல்ல என்பது மற்ற மாணவர்களுக்கு முன்பே அவருக்குத் தெரிந்துவிட்டது.

அவர் செய்த வேலை என்ன தெரியுமா? இரத்தப் பரிசோதனைச் சீட்டில் கொலஸ்ட்ரால் என்று ஓர் எண் வருகிறதே, அந்தக் கொலஸ்ட்ராலை நம் உடல் எப்படிக் கட்டுகிறது என்று அணு அணுவாகக் கண்டுபிடித்தார். கொலஸ்ட்ராலில் 27 கார்பன் அணுக்கள். உடல் முதலில் மெவலோனிக் அமிலம் என்ற சிறு மூலக்கூறுகள் ஆறைச் சேர்த்து ஸ்குவாலீன் என்ற நீண்ட சங்கிலியைச் செய்கிறது. பிறகு அதை மடித்து வளையங்களாக்குகிறது. சங்கிலி உருவாகும் பாதையில் பதினான்கு இடங்களில் வழி இரண்டாகப் பிரிகிறது. பார்வைக்கு ஒரே மாதிரி இருக்கும் இரண்டு ஹைட்ரஜனில் எதை எடுப்பது, எந்தப் பக்கமிருந்து ஒட்டுவது என்று ஒவ்வோர் இடத்திலும் நொதி தேர்ந்தெடுக்க வேண்டும். பதினான்கு கிளைகள் என்றால் மொத்தம் 16,384 பாதைகள். உயிர் நடப்பது அவற்றில் ஒன்றே ஒன்றில். கார்ன்ஃபோர்த்தும் ஜார்ஜ் போப்யாக்கும் ஹைட்ரஜன் அணுக்களுக்கு அடையாளம் வைத்துத் தொடர்ந்து சென்று அந்த ஒன்றைக் கண்டார்கள். நொதிகளின் இந்தத் தேர்வைப் பற்றிய ஆய்வுக்காக 1975-ல் கார்ன்ஃபோர்த்துக்கு வேதியியல் நோபல் கிடைத்தது.

இந்த வேலையில் எந்த இடத்தில் காது வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். எனக்கு ஓர் இடமும் தெரியவில்லை. காது வேண்டியிருந்தது வேலையைச் சுற்றி நடந்த பேச்சுக்குத்தான்.

கவனமாகப் படிக்க வேண்டிய இடம் இங்கே வருகிறது. சிட்னியில் ரீட்டா ஹராடென்ஸ் என்ற சக மாணவியின் கண்ணாடிக் குடுவை உடைந்தது. கண்ணாடி ஊதத் தெரிந்த கார்ன்ஃபோர்த் அதை ஒட்டிக் கொடுத்தார். 1939-ல் இருவரும் உதவித்தொகை பெற்று ஆக்ஸ்ஃபோர்டுக்குக் கப்பல் ஏறினார்கள், 1941-ல் திருமணம். ரீட்டாவும் தேர்ந்த வேதியியலாளர்; கணவரோடு பல ஆய்வுகளைச் சேர்ந்து செய்தவர். அதோடு, காது கேளாத கணவருக்கும் பேசும் உலகத்துக்கும் நடுவே பல பத்தாண்டுகள் பாலமாக இருந்தார். இதைக் கார்ன்ஃபோர்த் நன்றியோடு பதிவு செய்திருக்கிறார். இன்னொன்று: அவர் காது கெட்டது பேச்சும் மொழியும் வந்த பிறகு. உங்கள் மகளின் நிலை அதுவல்ல. “கார்ன்ஃபோர்த் சமாளித்தாரே, நீயும் சமாளி” என்று அவளிடம் யாராவது சொன்னால், ஒரு ரீட்டாவை எங்கே தருகிறீர்கள் என்று நீங்கள் கேட்க வேண்டும். ஒருவருடைய அன்பை நம்பி ஒரு துறை தன் கதவைத் திறந்து வைக்க முடியாது.

பின்னால் வந்தவர்கள் இதைத்தான் மாற்றப் பார்த்தார்கள். திலக் ரத்னநாதர் இலங்கையில் பிறந்தவர், பிறவியிலேயே காது கேளாதவர். இங்கிலாந்தில் வளர்ந்து ஆக்ஸ்ஃபோர்டில் கணிதத்தில் முனைவர் பட்டம் பெற்று, அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் உயிர்மருத்துவப் பொறியியல் துறைக்கு வந்தார். உட்செவி எப்படி இயங்குகிறது என்பதையும், மூளையின் ஸ்கேன் படங்களில் நோய் எந்தப் பகுதியை எப்படி மாற்றுகிறது என்பதையும் கணிதத்தால் அளப்பது அவர் ஆய்வு. காதைப் பற்றி ஆராயும் விஞ்ஞானிகள் கூடும் பெரிய மாநாட்டில் காது கேளாதவர்களைக் காண்பது அரிதாக இருந்தது. ரத்னநாதர் காது கேளாத மாணவர்களைத் தேடிச் சேர்த்தார். அவர்கள் அங்கே வந்து புரிந்துகொள்ளவும் பேசவும் வழி செய்யப் பாடுபட்டார். இந்த வழிகாட்டும் பணிக்காக 2015-ல் அமெரிக்க அதிபரின் விருது கிடைத்தது. கட்டுரை எழுதுவதற்குச் சமமான அறிவியல் பணி இது என்பது என் கருத்து.

வாஷிங்டனில் கேலடெட் பல்கலைக்கழகம் 1864 முதல் காது கேளாதோருக்காகவே நடக்கிறது. அங்கே டெரெக் பிரான் என்ற காது கேளாத மரபியலாளர், காது கேளாத மாணவர்களை வைத்து மூலக்கூறு மரபியல் ஆய்வுக்கூடம் நடத்துகிறார். தொலைபேசியைக் கண்டுபிடித்த கிரகாம் பெல்லை உங்களுக்குத் தெரியும். காது கேளாதவர்கள் தங்களுக்குள்ளேயே மணந்துகொண்டால் காது கேளாத ஒரு மனித இனமே உருவாகிவிடும் என்று 1883-ல் அவர் ஓர் அறிக்கை படித்தார். அந்த அச்சத்தின் நிழல் நெடுங்காலம் காது கேளாதோர் குடும்பங்கள் மேல் கிடந்தது. பிரானும் அவரோடு இருந்தவர்களும் பல தலைமுறைகளைக் கணினியில் ஓடவிட்டுப் பார்த்தார்கள். அப்படிப்பட்ட திருமணங்களால் இரண்டு பக்கமும் ஒரே மரபணு சேர்ந்த பிள்ளைகள் கூடலாம். மக்கள்தொகையில் அந்த மரபணுவின் பங்கு அதனால் பெருகுவதில்லை என்பது 2020-ல் வெளியான அவர்கள் முடிவு. தன் சமூகத்தின் மேல் கிடந்த ஒரு கேள்வியைக் கையில் எடுத்துச் சரிபார்க்க, அந்தச் சமூகத்திலிருந்தே ஒரு மரபியலாளர் வர வேண்டியிருந்தது. உங்கள் மகள் இந்தத் துறைக்கு வந்தால் துறைக்கு என்ன லாபம் என்று யாராவது கேட்டால், இதைச் சொல்லுங்கள்.

இனி ஆசிட், நெருப்பு விஷயம். ஆய்வுக்கூடத்துக்குள் போய்ப் பார்த்தவர்களுக்கு அது எவ்வளவு இரைச்சலான இடம் என்று தெரியும். புகைக்கூண்டின் விசிறியும் மைனஸ் எண்பது ஃப்ரீசரும் ஓயாமல் உறுமும். காது கேட்கிறவர்களே பாதி நேரம் கத்தித்தான் பேசுகிறோம். காது மிஷின் அந்த உறுமலையும் சேர்த்துப் பெரிதாக்கும் என்பதால் பலர் உள்ளே வந்ததும் கழற்றிவிடுவார்கள். எனவே எச்சரிக்கையை ஒலியை மட்டும் நம்பி வைப்பது யாருக்குமே பாதுகாப்பல்ல. தீ அபாய மணியோடு பளிச்சிடும் விளக்கு, மணிக்கட்டில் அதிரும் டைமர், வேலை மேசைக்கு எதிரே முதுகுப்பக்கம் தெரிய ஒரு கண்ணாடி. பெரிய செலவு ஒன்றுமில்லை. சென்ட்ரிஃப்யூஜில் குழாய்கள் சமனில்லாமல் இருந்தால் அந்த அதிர்வை மேசையில் வைத்த கை சொல்லிவிடும். இருட்டறையில் மைக்ரோஸ்கோப் பார்க்கும்போது சைகை தெரியாது. பேச வேண்டியதை விளக்கை அணைக்கும் முன்பே பேசிவிட வேண்டும். பிப்பெட் பிடித்த கையால் சைகை செய்ய முடியாது. செய்து காட்டுவது முதலில், விளக்கம் பிறகு. இவையெல்லாம் பழக்கம்தான், ஒரு மாதத்தில் வந்துவிடும்.

கடினம் வேறிடத்தில் இருக்கிறது. நான் பாடம் நடத்திய காலத்தில் காது கேளாத ஒரு மாணவி என்னிடம் எம்.எஸ்சி. பிராஜெக்ட் செய்தாள். அவள் கை சுத்தம். அவள் ரெக்கார்ட் நோட்டை மற்றவர்களுக்குக் காட்டுவேன். வாரம் ஒருமுறை எல்லோரும் உட்கார்ந்து முடிவுகளைப் பேசுவோம். நான் கரும்பலகையைப் பார்த்து எழுதிக்கொண்டே பேசுகிறவன். நாலு பேர் ஒரே சமயத்தில் குறுக்கிடுவார்கள். அவள் தலையாட்டிக்கொண்டு இருப்பாள். கடைசி மாதத்தில் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தாள்: அந்தக் கூட்டங்களில் தனக்கு எதுவுமே புரிந்ததில்லை, கேட்கக் கூச்சமாக இருந்தது என்று. ஓர் ஆண்டு அவளுக்கு நான் செய்த அநியாயம் அது. அறிவியலில் பாதி அந்தப் பேச்சில்தான் நடக்கிறது. எந்த முயற்சி ஏன் கெட்டது, அடுத்து எதைத் தொடலாம் என்பதெல்லாம் கட்டுரையில் வராது. அதன் பிறகு வட்டமாக உட்கார்ந்தோம், பேச நினைப்பவர் கையை உயர்த்தினார், அன்றைய படங்களை முந்தின நாளே எல்லோருக்கும் அனுப்பினேன். அவளுக்கு அது பயன்படவில்லை. படிப்பு முடிந்து போய்விட்டாள்.

ஆகவே கல்லூரியில் சேர்க்கும்போது, லேப் பாதுகாப்பானதா என்று கேட்பதோடு நிறுத்தாதீர்கள். வகுப்பிலும் கூட்டத்திலும் அவளுக்குப் பேச்சு எப்படி எட்டும் என்று கேளுங்கள், எழுத்தில் கேளுங்கள். 2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி அரசு மற்றும் அரசு உதவி பெறும் உயர்கல்வி நிறுவனங்களில் 40 சதவீதமும் அதற்கு மேலும் குறைபாடு உள்ளவர்களுக்கு 5 சதவீதத்துக்குக் குறையாமல் இடம் ஒதுக்க வேண்டும். தேவையான ஏற்பாடுகளைச் செய்து தருவதும் அந்த நிறுவனங்களின் கடமை. மாற்றுத்திறனாளிகளுக்கான யூ.டி.ஐ.டி. அடையாள அட்டை இல்லையென்றால் இப்போதே வாங்கிவிடுங்கள். பிற்பாடு ஜே.ஆர்.எஃப். உதவித்தொகைக்கு வயதில் ஐந்து ஆண்டும், பிஎச்.டி. முடிக்கும் காலத்தில் இரண்டு ஆண்டும் தளர்வு உண்டு. பிஎச்.டி. வைவா வாய்மொழித் தேர்வாயிற்றே என்று பயப்பட வேண்டாம். சைகைமொழி பெயர்ப்பாளரோடு நடத்தக் கேட்கலாம். அவருக்குத் துறைச் சொற்களை முன்கூட்டியே கொடுத்துவிட வேண்டும்.

சென்னையில் காது கேளாதோருக்கென்றே நடக்கும் பட்ட வகுப்புகள் பெரும்பாலும் வணிகவியலும் கணினியும்தான். உங்கள் சொந்தக்காரர்கள் சொல்லும் யோசனை அங்கிருந்துதான் வருகிறது. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். பயோகெமிஸ்ட்ரியோ மைக்ரோபயாலஜியோ எடுத்தால் வகுப்பில் இவள் ஒருத்தியே காது கேளாதவளாக இருக்கக்கூடும். அந்தத் தனிமை உண்மையான கஷ்டம். காது கேளாத நண்பர்களை விட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சைகையை நிறுத்திவிட்டுப் பேச்சை மட்டும் வளர்க்கச் சொல்பவர்கள் வருவார்கள், கேட்காதீர்கள். டெல்லியில் உள்ள இந்திய சைகைமொழி ஆராய்ச்சி மற்றும் பயிற்சி மையத்தின் அகராதியில் 10,000 சொற்கள் இருக்கின்றன. பாடச் சொற்களும் உண்டு. போனில் லைவ் டிரான்ஸ்கிரைப் செயலி பேச்சை எழுத்தாக்கும். அதை உருவாக்கியவர்களில் ஒருவரான டிமிட்ரி கனெவ்ஸ்கி காது கேளாத விஞ்ஞானி. துறைச் சொற்களில் அது தடுமாறும், ஆனாலும் ஒன்றுமில்லாததற்கு நல்ல துணை.

ஒன்றில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். நம் மாநிலத்தில் காது கேளாத மாணவர்களுக்கு ஒரு மொழித் தாளிலிருந்து விலக்கு உண்டு. உங்கள் மகள் ஆங்கிலத்தை விட்டிருந்தால், தேர்வுக்கு வேண்டாம் என்றாலும் படிக்க வையுங்கள். கார்ன்ஃபோர்த்துக்கு நூலகம் என்னவாக இருந்ததோ, அதுவே இவளுக்கும். கட்டுரைகள் ஆங்கிலத்தில்தான் வருகின்றன. தினம் ஒரு பக்கம் போதும்.

உங்கள் கடிதத்தில் மகளுக்கு நோய்களைப் பற்றி ஆராய வேண்டும் என்று மட்டும் இருந்தது. எந்த நோய், அதில் எது அவளைத் தூங்கவிடாமல் செய்கிறது என்று தெரிந்தால் எந்தப் பாடம், எந்தக் கல்லூரி என்று இன்னும் குறிப்பாகச் சொல்வேன். அடுத்த கடிதத்தை அவளையே எழுதச் சொல்லுங்கள்.