வெள்ளம் புகுந்த கிணறும் நம் கணக்கும்



2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களில் கொட்டிய மழையை மறக்க முடியுமா? காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ.! தாமிரபரணி கரை புரண்டது. அப்போது நான் சிவில் முதலாம் ஆண்டு. தண்ணீர் வடிந்ததும் வகுப்பு நண்பர்கள் நான்கு பேருடன் ஏரல் பக்கம் உள்ள எங்கள் ஊருக்குச் சேவை செய்யப் போனேன்.

வீடு வீடாகச் சேறு அள்ளினோம். ஊர்க்கிணற்றையும் மோட்டார் வைத்து இறைத்தோம். புது நீர் ஊறியதும், "பாலிடெக்னிக் படிக்கிற பிள்ளைகதானே, மருந்தையும் நீங்களே போட்டுருங்க" என்று பிளீச்சிங் பவுடரைக் கொடுத்தார்கள்.

எங்கள் குடும்பத்தில் முதலில் படிக்க வந்தவன் நான். அப்பா வாழைத்தார் சுமப்பவர். "எம் மவன் கணக்குப் போட்டுச் சொல்லுவான்" என்றார் எல்லார் முன்னாலும். அந்தப் பெருமையில்தான் சறுக்கினேன்! கிணற்றின் விட்டம் 3 மீட்டர். அவசரத்தில் அதை ஆரமாக எடுத்துவிட்டேன். மருந்து நான்கு மடங்காகிவிட்டது. மறுநாள் ஓர் ஆச்சி ஒரு வாய் குடித்துவிட்டுத் துப்பினார். "ஆஸ்பத்திரி வாடைல்லா அடிக்கு!"

எனக்கு முகம் செத்துப் போச்சு. அப்பா மட்டும் மெதுவாகச் சொன்னார்: "தப்புன்னா ஒத்துக்கிடு. மறுபடி இறைச்சுக்கிடலாம்." ஒத்துக்கொண்டேன். யாரும் ஏசவில்லை. மறுபடி இறைத்தோம்.

சரியான முறை இதுதான்:

1. முதலில் கலங்கல் நீரை இறைத்துவிட வேண்டும். கலங்கல் இருந்தால் குளோரின் வீணாகும்.

2. கன மீட்டரில் நீரின் அளவு = 3.14 × விட்டம் × விட்டம் × நீரின் ஆழம் ÷ 4. எங்கள் கிணற்றில் ஆழம் 4 மீட்டர், ஆகவே 28.26 கன மீட்டர், அதாவது 28,260 லிட்டர்.

3. 1,000 லிட்டருக்கு 2.5 கிராம் நல்ல பவுடர். எங்களுக்குச் சுமார் 71 கிராம். திறந்து கிடந்த பழைய பவுடருக்கு வீரியம் இருக்காது.

4. மூக்கைத் துணியால் கட்டிக்கொண்டு, வாளியில் பவுடரைக் கூழாகக் குழைத்து, முக்கால் வாளி நீர் ஊற்றிக் கலக்கி, 10 நிமிடம் தெளிய விட வேண்டும். தெளிந்த நீரை மட்டும் வேறு வாளியில் எடுக்க வேண்டும். அடியில் தங்கும் சுண்ணாம்பு கிணற்றில் விழக் கூடாது; விழுந்தால் நீர் கடினமாகும்.

5. அந்த வாளியைக் கயிற்றில் கட்டி நீருக்குள் இறக்கி, மேலும் கீழும் வேகமாக ஆட்ட வேண்டும்.

6. ஒரு மணி நேரம் யாரும் நீர் எடுக்கக் கூடாது. பிறகு சோதனைப் பெட்டியில் பார்த்தால், லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் குளோரின் மிச்சம் இருக்க வேண்டும். குறைந்தால் மறுபடி மருந்து போட வேண்டும்.

இரண்டாம் முறை சுகாதாரப் பணியாளர் சோதித்துப் பார்த்து, "சரியா இருக்கு தம்பி" என்றார். முதல் குடம் எடுத்தவர் அதே ஆச்சிதான்.

நண்பர்களே, சேவைக்கு நல்ல மனசு வேண்டும். அதோடு அளவும் வேண்டும். பரீட்சையில் ஆரமும் விட்டமும் மாறினால் நமக்கு மார்க் போகும். ஊரில் மாறினால் ஊரே தாகத்தில் நிற்கும். அடுத்த மழைக்கு முன் இந்தக் கணக்கை ஒரு தடவை போட்டுப் பாருங்கள்!