கைவிடாமை என்னும் தர்மம்

மகாபாரதத்தின் மகாப்ரஸ்தானிக பர்வத்தில் ஒரு விவாதம் வருகிறது. திரௌபதியும் தம்பியர் நால்வரும் வழியில் வீழ்ந்துவிட்டனர். யுதிஷ்டிரரைத் தொடர்ந்து வந்தது ஒரு நாய் மட்டுமே. தேருடன் வந்த இந்திரன், நாய்க்குச் சொர்க்கத்தில் இடமில்லை என்கிறான். நாயோடு வாழ்பவரின் புண்ணியப் பலன்கள் அழிந்துவிடும், அது தூய்மையற்றது என்பது அவன் வாதம்.

அன்பர் ஒருவரின் கடிதம் இப்பகுதியை நினைவூட்டியது. அவர் புனேயில் அடுக்குமாடிக் குடியிருப்பில் வாழ்பவர். அவர் வீட்டு நாய்க்கு 13 வயது. கண்ணில் புரை, காதும் கேட்பதில்லை. இருந்த இடத்திலேயே சிறுநீர் கழிக்கும் அது, பூஜையறை வாசலையும் அசுத்தப்படுத்திவிட்டது. 9 வயது மகள் விடுமுறைக்குப் பாட்டி வீடு சென்றிருக்கிறாள். அவள் திரும்புமுன் நாயைத் தொலைவில் விட்டுவிட்டு, 'தானாக ஓடிவிட்டது' என்று கூறிவிடலாமா என்று கேட்கிறார். பற்று கூடாது என்றுதானே வேதாந்தம் கூறுகிறது என்றும் சேர்த்திருக்கிறார்.

தூய்மை அவசியமே. பூஜையறைக் கதவைச் சாத்தி வைக்கலாம், தரையைக் கழுவலாம். முதுமையில் தோன்றும் இத்தகைய மாற்றம் பல வேளைகளில் சிறுநீரகக் கோளாறு, நீரிழிவு போன்ற நோயின் அறிகுறி. ஆகவே முதலில் செல்ல வேண்டிய இடம் கால்நடை மருத்துவரின் மருத்துவமனை. மேலும், தக்க காரணமின்றி, பட்டினியாலும் தாகத்தாலும் வாட நேரும்படி ஒரு பிராணியைக் கைவிடுவது 1960-ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமாகும்.

பற்றைப் பற்றிய கேள்வி இதைவிட ஆழமானது. இந்திரனும் அதையே வேறுவிதமாகக் கேட்டான்: மனைவியையும் தம்பியரையும் துறந்தவன் நாயைத் துறக்கத் தயங்குவது ஏன்? யுதிஷ்டிரரின் விடையைக் கூர்ந்து நோக்க வேண்டும். அவர்கள் இறந்த பின்னரே விட்டு வந்தேன், இறந்தவரை உயிர்ப்பிக்க என்னால் இயலாது, உயிரோடிருந்தவரை எவரையும் விடவில்லை என்கிறார். மரணத்தை ஏற்றுக்கொண்ட வைராக்கியமும், அண்டி வந்த உயிரை விடாத உறுதியும் அவரிடம் ஒருங்கே இருந்தன. அந்த நாய் தர்மதேவதையே என்பது அவருக்குப் பிறகுதான் தெரிந்தது.

மகளிடம் சொல்லவிருக்கும் பொய்யோ நாயைக் கைவிடுவதினும் நெடுங்காலம் நிற்கும். போர்க்களத்தில் துரோணரிடம் பாதி உண்மை பேசியதற்காக யுதிஷ்டிரரே நரகத்தைக் காண நேர்ந்தது. குழந்தை திரும்பி வரட்டும். தண்ணீர்க் கிண்ணத்தை நாயின் முகத்தருகே வைப்பது அவள் பொறுப்பாகட்டும். முடிவு நெருங்கும்போது அவளை அப்பால் அனுப்பிவிடாமல், கேட்பதற்கெல்லாம் உண்மையையே கூறுங்கள்.

பேலூர் மடத்தில் சுவாமி விவேகானந்தர் பாகா என்ற நாயை வளர்த்தார். ஒருமுறை அது தவறு செய்ததால் கங்கைக்கு அக்கரையில் கொண்டுபோய் விடப்பட்டது. மாலையில் அது படகில் தானே ஏறிக்கொண்டு, இறக்க முயன்றவர்களை உறுமி விரட்டி, மடத்திற்கே திரும்பிவிட்டது. விடியுமுன் சுவாமிஜியின் காலடியில் வந்து கிடந்தது. இனி அது என்ன செய்தாலும் விரட்டக்கூடாது என்று அவர் சீடர்களிடம் கூறிவிட்டார். பிற்காலத்தில் பாகா இறந்தபோது உடலைக் கங்கையில் விட்டனர். நீரேற்றம் அதை மடத்துக் கரையிலேயே கொண்டுவந்து சேர்த்தது. பிரம்மசாரி ஒருவர் அனுமதி பெற்று, மடத்து நிலத்திலேயே அதை அடக்கம் செய்தார்.